83 வயது பாப் டிலன், மாறிக்கொண்டே இருக்கும் குழு: அப்பாவை அழைத்துப் போகலாமா?

லெஸ்டர்வாசி | 19 அக்டோபர் 2024

எல்லாருக்கும் வணக்கம். இங்கே பெரும்பாலும் ராஜா, ரஹ்மான் பற்றித்தான் பேச்சு நடக்கும் என்று தெரியும். ஆனாலும் யாராவது ஒருவர் போயிருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன்.

அப்பா ஊரிலிருந்து வந்து எங்களோடு லெஸ்டரில் இருக்கிறார். 71 வயது. டிசம்பர் முதல் வாரம் திரும்பிப் போகிறார். 1973-ல் கோவையில் இன்ஜினியரிங் படித்தபோது ஹாஸ்டலில் ஒரு சீனியர் வைத்திருந்த ரெக்கார்டுகள் மூலமாக அமெரிக்கப் பாடகர் பாப் டிலனைப் பிடித்துக்கொண்டவர். வேலை கிடைத்ததும் டேப் ரெக்கார்டர் வாங்கி, அதே சீனியரைத் தேடிப் போய் ஒரு கேசட் முழுக்கப் பதிவு செய்துகொண்டு வந்தாராம். அந்த கேசட் ஓடாத ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கிடையாது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் இருக்கும் இரண்டு விநாடியில் அப்பா அடுத்ததை முணுமுணுக்கத் தொடங்கிவிடுவார். நீளமான பாட்டு ஒன்றில், டெசலேஷன் ரோ, டேப் ஒருமுறை மாட்டிச் சுருண்டு, பென்சில் விட்டுச் சுற்றி எடுத்தோம். அன்றிலிருந்து அந்த இடத்தில் பாட்டு கொஞ்சம் குழறும். இப்போது யூடியூபில் சுத்தமாகக் கேட்டாலும் அப்பா அந்த இடத்தில் குழறித்தான் பாடுகிறார்.

விஷயம் இதுதான். நவம்பர் 13 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் டிலன் கச்சேரி. அலுவலகத்தில் ஒருத்தர் போக முடியாமல் இரண்டு டிக்கெட்டை வாங்கிய விலைக்கே தருகிறேன் என்கிறார். ரயில் செலவும் சேர்த்தால் 300 பவுண்டைத் தாண்டுகிறது. இணையத்தில் படித்தால் வயிறு கலங்குகிறது. குரல் போய்விட்டது, பழைய பாட்டெல்லாம் அடையாளமே தெரியாது, கூட வாசிப்பவர்கள் யாரும் பழைய ஆட்கள் இல்லை, வருஷத்துக்கு ஒருத்தர் மாறுகிறார் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். அப்பா மனசில் இருப்பது அந்த கேசட். அது உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. மூட்டு வலி வேறு.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லலாமா?


கிழக்கு லண்டன்காரன் | 19 அக்டோபர் 2024

சொல்லாதீர்கள் :)

நான் 2017 மே மாதம் வெம்ப்ளி அரீனாவில் பார்த்தேன். நோபல் பரிசு வாங்கிய சூடு ஆறவில்லை, ஊரே பேசிக்கொண்டிருந்தது, நானும் போனேன். எனக்குத் தெரிந்தது மொத்தமே எட்டு டிலன் பாட்டு. அதில் நாலைப் பாடினார் என்பது வீட்டுக்கு வந்து இணையத்தில் வரிசையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. நடுநடுவே சினாட்ரா காலத்துப் பழைய காதல் பாட்டுகள் வேறு. எனக்கு ஒட்டவே இல்லை. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரத் தாத்தா ஒவ்வொரு பாட்டின் முதல் வரிக்கும் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். எனக்கு பஸ் மாறி ஏறியது போல இருந்தது.

தப்பு அவர் மேல் என்று சொல்லவில்லை, நான் தயாராகப் போகவில்லை. ஆனால் 300 பவுண்டுக்கு அப்பாவுக்கு அருமையான ஹெட்போன் வாங்கலாம். கேசட்டும் பத்திரமாக இருக்கும்.


நாலு கம்பி | 20 அக்டோபர் 2024

லெஸ்டர்வாசி, டிக்கெட்டை முதலில் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

என்னைப் பற்றி ஒரு வரி. ரெடிங்கில் இருக்கிறேன். கல்லூரிக் காலத்தில் திருச்சி மெல்லிசைக் குழுக்களில் பேஸ் கிட்டார் வாசித்தவன். இப்போது சனிக்கிழமைகளில் ஒரு பப்பில் நாலு பேரோடு பழைய ராக் பாட்டு வாசிக்கிறோம். டிலனை நான்கு முறை பார்த்திருக்கிறேன்: 2011 ஹேமர்ஸ்மித் அப்போலோ (கிட்டார்காரர் மார்க் நாப்ஃளர் முன்னால் வாசித்தார், அதற்காகவே போனேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்), 2013 ஆல்பர்ட் ஹால், 2017 பல்லேடியம், 2022 மறுபடியும் பல்லேடியம். அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் "பழைய குழு" விஷயம். எந்தப் பழைய குழு? ரோலிங் ஸ்டோன்ஸ் என்றால் ஆட்களின் பெயர் சொல்லலாம். டிலனுக்கு நிலையான குழு என்று எப்போது இருந்தது? அப்பாவின் கேசட்டில் 60-களின் பாட்டுகள் இருக்கும், அவற்றில் வாசித்தவர்கள் பெரும்பாலும் ஸ்டுடியோவுக்குக் கூலிக்கு வந்த வாத்தியக்காரர்கள். 1966 ஆல்பத்துக்கு நாஷ்வில் போய் அந்த ஊர் ஆட்களை வைத்துக்கொண்டார். அதே வருஷம் மேடைக்கு வேறு குழு, ஹாக்ஸ், அவர்கள்தான் பின்னால் தி பேண்ட் ஆனார்கள். அந்தப் பயணத்திலேயே டிரம்ஸ் வாசிப்பவர் மாறிவிட்டார். 1975-ல் ஒரு பட்டாளத்தையே ஊர் ஊராகக் கூட்டிப் போனார். 1986-ல் டாம் பெட்டியின் குழு, 1987-ல் கிரேட்ஃபுல் டெட் குழு. ஆக ஆள் மாறுவது முதுமையில் வந்த கோளாறு இல்லை, ஆரம்பத்திலிருந்தே அவர் பிழைப்பு அப்படித்தான்.

இப்போது நடக்கும் ஓட்டத்தின் ஆரம்பம் 1988 ஜூன் 7, கலிஃபோர்னியாவில் கான்கார்ட் என்ற ஊர். எல்லாரும் அதை முடிவில்லாப் பயணம் என்கிறார்கள். அவருக்கு அந்தப் பெயர் பிடிக்காது. 1993-ல் வந்த ஆல்பத்தின் உறையில் அவரே எழுதினார், அந்தப் பயணம் 1991-ல் கிட்டார்காரர் ஜி.ஈ. ஸ்மித் விலகியதோடு முடிந்துவிட்டது என்று. ஒரு ஆள் போனால் அது வேறு பயணம், அவர் கணக்கு அது. ஸ்மித் கிளம்பும் சமயத்தில் அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கத் தனியாக ஒத்திகை வைக்கவில்லை. கச்சேரி மேடையிலேயே ஒவ்வொருவராக ஏற்றி வாசிக்க வைத்துப் பார்த்தார். டிக்கெட் வாங்கி வந்த ஜனம் முன்னால் நேர்முகத் தேர்வு!

இத்தனை வருஷத்தில் மாறாத ஒரே ஆள் டோனி கார்னியர். 1989-லிருந்து பேஸ் அவர்தான். அரசாங்க வேலையாக இருந்திருந்தால் ஓய்வே பெற்றிருப்பார். நான் ஒவ்வொரு முறையும் காசு கொடுத்துப் போவது, சத்தியமாகச் சொல்கிறேன், அவரைப் பார்க்கத்தான்.

2013-ல் ஆல்பர்ட் ஹாலில் எனக்குப் பக்கவாட்டு இருக்கை. டிலன் முகம் பாதிதான் தெரிந்தது, கார்னியர் முழுசாகத் தெரிந்தார். தொப்பி, சூட். அவர் கூட்டத்தைப் பார்க்கவே மாட்டார். தன் கிட்டாரையும் பார்க்க மாட்டார். கண் டிலனின் கையிலும் தோளிலும் ஒட்டியிருக்கும். ஏன் என்று வாசிக்கிறவனுக்குத்தான் தெரியும். பியானோவில் இடது கை தொடும் கீழ்ச் சுரங்களும் பேஸும் ஒரே தெருவில் குடியிருப்பவை. பாடுகிறவரே பியானோ வாசிக்கிறார், அதையும் நேற்று போல வாசிப்பதில்லை என்றால் பேஸ்காரனுக்கு ஒவ்வொரு நொடியும் கண்டம்தான். அன்றைக்கு ஒரு இடத்தில் டிலன் வரியைத் தொடங்காமல் தள்ளிப் போட்டார். ஒரு ஆவர்த்தனம் போனது, இரண்டு போனது. கார்னியர் மூலச் சுரத்தில் நின்றுகொண்டு, வலது கையைக் கம்பிக்கு மேலே ஒரு அங்குலம் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். டிலன் மூச்சை இழுத்தார், தோள் உயர்ந்தது. கார்னியர் டிரம்ஸ் பக்கம் மோவாயை லேசாகத் தூக்கினார். ஒரே ஒரு அடி, எல்லாரும் உள்ளே. என் முன்னால் இருந்தவர்கள் கை தட்டியது டிலனுக்கு. நான் தட்டியது அந்த மோவாய்க்கு.

நம் ஆட்களுக்கு இது புரியாமல் போகக் கூடாது. கச்சேரிக்குப் போகிறவன் பக்கவாத்தியம் மாறியதற்காக டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்பானா? இன்று ஒரு வயலின், அடுத்த வாரம் வேறு வயலின், ஒத்திகை கிடையாது, பாடகர் எங்கே போகிறாரோ அங்கே போக வேண்டும். தொண்ணூறை ஒட்டிய வயதிலும் பாடினாரே செம்மங்குடி, சாரீரம் கேட்கவா போனார்கள்?

டிரம்ஸ் பற்றி ஒரு விஷயம், ஏனென்றால் உண்மையில் குழுவின் குணம் மாறுவது அங்கேதான். 2011, 2013, 2017 மூன்று முறையும் நான் பார்த்தது ஜார்ஜ் ரெசிலி. கனமான கை, ஆட வைக்கும் தாளம். அவர் 2019-ல் போனார். பிறகு மேட் சேம்பர்லின், சார்லி ட்ரேட்டன், ஜெர்ரி பென்டகோஸ்ட் என்று வரிசையாக மாறியது. 2022-ல் ட்ரேட்டன் வாசித்தபோது பல இடங்களில் தாளமே வெளியே தெரியவில்லை, பின்னால் யாரோ அறை மாறி அறை நடப்பது போல இருந்தது. அதே பாட்டுகள், வேறு வீடு. இந்த மாதம் தொடங்கிய பயணத்தில் யார் தெரியுமா? ஜிம் கெல்ட்னர். டிலனைவிட ஒரு வயது இளையவர், 82. 1979 முதல் 1981 வரை டிலனோடு மேடையேறியவர், இந்த வருஷம் திரும்பி வந்திருக்கிறார். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: 1971-ல் நியூயார்க்கில் பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசனும் ரவிசங்கரும் வங்கதேசத்துக்காக நடத்திய நிகழ்ச்சியில் இன்னொரு பீட்டில்ஸ்காரர் ரிங்கோ பக்கத்தில் இன்னொரு டிரம்ஸ் செட்டில் இருந்தவர் இவர்தான். டிலனும் அன்று பாடினார். பழைய ஆள் யாரும் இல்லை என்று எழுதியவர்கள் முகத்தில் கரி.

கிட்டார் இரண்டும் பாப் பிரிட், டக் லான்சியோ. இருவரும் முன்னால் வந்து வித்தை காட்ட மாட்டார்கள். 2013-ல் சார்லி செக்ஸ்டன் இருந்தார், அவர் கிட்டார் பாட்டோடு சண்டை போடும். எனக்கு அது பிடிக்கும், இப்போது அது இல்லை. ஃபிடிலும் ஸ்டீல் கிட்டாரும் வாசித்த டானி ஹெரனும் இந்த வருஷம் விலகிவிட்டார். அந்த இடம் காலியாகவே இருக்கிறது, கேட்டால் தெரியும். எல்லாம் லாபம் என்று நான் சொல்ல மாட்டேன்.

குரல். 2011-ல் அது உப்புத்தாள். வரியின் கடைசிச் சொல் தொண்டையிலேயே தங்கிவிடும். கிழக்கு லண்டன்காரன் கேலி செய்கிற அந்த சினாட்ரா பாட்டுகளுக்கு நான் நன்றி சொல்வேன், அவற்றைப் பாடிப் பாடித்தான் மனிதர் மறுபடி சொல்லைச் சொல்லாக உச்சரிக்கத் தொடங்கினார் என்பது என் எண்ணம். 2022-ல் ஒவ்வொரு எழுத்தும் காதில் விழுந்தது. மேலே ஏறாது. பேசுவதற்கும் பாடுவதற்கும் நடுவில் நிற்கும். ஆனால் புரியும்.

பாட்டு அடையாளம் தெரியாது என்பது உண்மை. அதுவும் புதுக் குற்றச்சாட்டு இல்லை. 1966 மே மாதம் மான்செஸ்டரில் மின்சாரக் கிட்டாரோடு வந்தார் என்பதற்காக ஒருவர் எழுந்து "யூதாஸ்!" என்று கத்தினார். அந்தப் பதிவு திருட்டுத்தனமாகப் பல வருஷம் சுற்றியது, உறையில் "ராயல் ஆல்பர்ட் ஹால்" என்று தப்பாகப் போட்டு. நீங்கள் போகப்போவது அந்த ஹாலுக்குத்தான், அப்பா ரசிப்பார்.

தயாராவது எப்படி? கேசட்டை நவம்பர் 13 வரை தொட வேண்டாம். 2020-ல் வந்த ரஃப் அண்ட் ரவுடி வேஸ் ஆல்பத்தை இரண்டு மூன்று முறை கேட்க வையுங்கள். கச்சேரியில் 17 பாட்டு என்றால் அதில் ஒன்பது அந்த ஆல்பம். கடைசியில் உள்ள 17 நிமிடப் பாட்டு மட்டும் மேடையில் வராது. பதில் காற்றில் மிதக்கிறது என்ற அந்தப் புகழ்பெற்ற பாட்டு (ப்ளோயிங் இன் த விண்ட்) இந்தப் பயணத்தில் இல்லை, எதிர்பார்க்க வேண்டாம். வணக்கம், நன்றி, லண்டன் எப்படி இருக்கிறது, எதுவும் கேட்க மாட்டார். முன்னால் வேறு குழு வாசிப்பதோ இடைவேளையோ கிடையாது, சுமார் ஒன்றே முக்கால் மணி நேரம். கழிவறைக்கு முன்பே போய்விட்டு வாருங்கள், 71 வயது என்பதால் சொல்கிறேன். கைபேசியை வாசலில் ஒரு பையில் போட்டுப் பூட்டித் தருவார்கள். பை உங்கள் கையில்தான் இருக்கும், திறக்க முடியாது. ரயில் டிக்கெட் கைபேசியில் இருந்தால் கவலை வேண்டாம், வெளியே வரும்போது திறந்துவிடுவார்கள்.

மூட்டு வலிக்கு: டிக்கெட் எந்த அடுக்கு? மேலே சர்க்கிள் என்றால் உள்ளே இறங்கும் படிகள் செங்குத்து. கீழே ஸ்டால்ஸ் என்றால் பிரச்சினை இல்லை, இருக்கையே சுழலும், எந்தப் பக்கமும் திருப்பிக்கொள்ளலாம். சவுத் கென்சிங்டனில் இறங்கி நடப்பது மெதுவாகப் போனால் இருபது நிமிடம்.


லெஸ்டர்வாசி | 20 அக்டோபர் 2024

நாலு கம்பி சார், இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஸ்டால்ஸ்தான்! டிக்கெட் வாங்கிவிட்டேன். அப்பாவிடம் இன்று இரவு சொல்கிறேன். கிழக்கு லண்டன்காரன், ஹெட்போன் பிறந்தநாளுக்கு.


மிசௌரி மாமா | 21 அக்டோபர் 2024

ஆள் மாறும் குழு என்றதும் என் பங்குக்கு ஒன்று. இதெல்லாம் ஒரு மாற்றமா? ராக் அண்ட் ரோல் முன்னோடி சக் பெரி வெளியூர் போகக் குழுவே வைத்துக்கொள்ளவில்லை.

நான் 2009-லிருந்து மூன்று வருஷம் செயின்ட் லூயிஸில் ஆன்சைட் இருந்தேன். அவருடைய சொந்த ஊர் அது. பல பத்தாண்டுகளாக அவர் வெளியூர் போகும் விதம் என்னவென்றால், கிட்டாரை எடுத்துக்கொண்டு தனி ஆளாகக் கிளம்புவார். அந்தந்த ஊரில் நிகழ்ச்சி நடத்துபவர் உள்ளூர்ப் பையன்களைப் பிடித்து வைத்திருக்க வேண்டும், சொன்ன வகை ஆம்ப்ளிஃபயர் இரண்டு இருக்க வேண்டும், பணம் மேடையேறும் முன் கையில் வர வேண்டும். ஒத்திகை, பாட்டு வரிசை, எதுவும் கிடையாது. என் பாட்டு தெரியாத ராக் வாத்தியக்காரன் உலகத்தில் உண்டா என்பது கணக்கு. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் பிரபலமாகும் முன்பு, 1973-ல் மேரிலாந்தில் அவருக்கு வாசித்த உள்ளூர்ப் பையன்களில் ஒருவர். தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது சக் பெரி வந்தாராம். என்ன பாட்டு வாசிக்கப் போகிறோம் என்று கேட்டதற்கு, சக் பெரி பாட்டுதான் வாசிக்கப் போகிறோம் என்றாராம். பின்னால் ஒரு ஆவணப்படத்தில் ஸ்பிரிங்ஸ்டீனே சிரித்துக்கொண்டு சொல்கிறார்.

இதில் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு, நாலு கம்பிக்குப் புரியும். ராக் கிட்டார்காரனுக்கு ஈ, ஏ சுருதிகள்தான் கைக்கு வாகு. சக் பெரி தொடக்க காலத்தில் பியானோக்காரர் ஜானி ஜான்சனோடு வாசித்துப் பழகியவர், அதனால் பி ஃபிளாட், ஈ ஃபிளாட் என்று போவார். உள்ளூர்ப் பையன்களுக்கு அங்கேயே வியர்த்துவிடும். நிறுத்த வேண்டும் என்றால் காலைத் தூக்கித் தரையில் ஒரு மிதி. அவ்வளவுதான் சைகை.

சொந்த ஊரில் கதை வேறு. டெல்மார் சாலையில் புளூபெரி ஹில் என்று ஒரு சாப்பாட்டுக் கடை, அதன் கீழ்த்தளத்தில் சின்ன அரங்கம், மேடையில் கிட்டாரோடு குந்தியபடி துள்ளிப் போகும் அவருடைய வாத்து நடையை வைத்து டக் ரூம் என்று பெயர். 1996-லிருந்து 2014 வரை மாதம் ஒன்று என்ற கணக்கில் அந்தக் கடையில் 209 முறை வாசித்தார். அங்கே குழு நிலையானது: மகன் கிட்டார், மகள் மௌத் ஆர்கன், நாற்பது வருஷமாகக் கூட இருந்த பேஸ்காரர். நான் போனபோது அவருக்கு 84. எனக்கும் அவருக்கும் நடுவில் நாலு தலை. கேப்டன் தொப்பி, மின்னும் சட்டை. மகன் கண் முழுக்க அப்பாவின் வலது காலில். நீங்கள் கார்னியரைப் பற்றி எழுதியதைப் படித்ததும் அந்தப் பையன் (பையன் என்ன பையன், ஐம்பது வயதுக்காரர்) முகம்தான் ஞாபகம் வந்தது. கடைசிப் பாட்டில் இரண்டே இரண்டு அடி வாத்து நடை. கீழ்த்தளம் என்பதால் கூரை தப்பித்தது.

2017-ல் போய்விட்டார். அந்த டிக்கெட்டின் கிழிந்த பாதி இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. அப்பாவை அழைத்துப் போங்கள்.


கிழக்கு லண்டன்காரன் | 21 அக்டோபர் 2024

எல்லாரும் சேர்ந்து என்னை வில்லன் ஆக்கிவிட்டீர்கள். சரி. அந்த 2020 ஆல்பத்தை இன்று ரயிலில் கேட்டேன். கீ வெஸ்ட் பற்றிய பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. வேறு எதையும் ஒத்துக்கொள்ளவில்லை.


லெஸ்டர்வாசி | 15 நவம்பர் 2024

போய்விட்டு வந்தோம்.

அப்பா மூன்று வாரமாக அந்த ஆல்பத்தைக் கேட்டார். முதல் வாரம் "இது யாரோ கதை சொல்லுற மாதிரி இருக்கே" என்றார். இரண்டாம் வாரம் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டே முணுமுணுத்தார். கச்சேரிக்குப் பொங்கலுக்கு எடுத்த சட்டை, அதன் மேல் என் கணவரின் பெரிய கோட்டு, தலையில் மங்கி குல்லா. வாசலில் கைபேசியைப் பையில் போட்டுப் பூட்டியதும் அவருக்கு ஒரே சந்தோஷம், "ஊர்ல சபாவுக்கெல்லாம் இதைக் கொண்டு வரணும்" என்று பாதுகாப்பு ஆளிடம் தமிழிலேயே சொன்னார். அவரும் தலையாட்டினார்.

இருக்கையைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, அண்ணாந்து கூரையில் தொங்கும் அந்தப் பெரிய தட்டுகளை எண்ண ஆரம்பித்தார். எதிரொலியை அடக்க 1969-ல் மாட்டியவை என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அப்பா 38 வரை போனார், விளக்கு அணைந்துவிட்டது.

முதல் பாட்டு எனக்குத் தெரியவே இல்லை. அப்பா என் கையைத் தட்டி "வாட்ச்டவர்" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டால் "வார்த்தை அதேதானே" என்கிறார். நான் ராகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன், அவர் வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். கைபேசி இல்லாததால் சட்டைப் பையில் இருந்த குட்டி டைரியை எடுத்து, இருட்டிலேயே பாட்டு வரிசையை எழுதினார். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு வரி மேல் இன்னொரு வரி ஏறி, மருந்துச் சீட்டு மாதிரி இருக்கிறது. இரண்டு இடத்தில் பாட்டின் பெயருக்குப் பதில் "தெரியவில்லை. நன்று" என்று இருக்கிறது. ஒரு இடத்தில் "தெரியவில்லை" மட்டும்.

நடுவில் டெசலேஷன் ரோ வந்தது. கேசட்டில் நிதானமாக, கிட்டாரோடு போகும் பாட்டு. இங்கே குதிரை வண்டி வேகம், கெல்ட்னர் விடாமல் ஓட்டுகிறார். அப்பா முதல் இரண்டு பத்தி கூடவே வாயசைத்தார், கேசட் வேகத்தில். டிலன் முன்னால் போய்விட்டார், அப்பா பின்னால் வந்துகொண்டிருந்தார். டேப் சுருண்ட அந்த இடம் வரப்போகிறது என்று எனக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்து கேட்கிறேனே. திரும்பி அப்பாவைப் பார்த்தேன். வாயசைப்பதை நிறுத்திவிட்டார். கழுத்தை நீட்டி, தொப்பி போட்ட பேஸ்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடம் வந்து போனது.

கடைசிப் பாட்டில் டிலன் மௌத் ஆர்கன் எடுத்தார். அதுவரை அடக்கமாக இருந்த கூட்டம் அப்படி ஒரு கத்து கத்தியது. முடிந்ததும் விளக்கு வந்தது, டிலனும் குழுவும் நின்று பார்த்தார்கள், போய்விட்டார்கள். இன்னும் ஒன்று பாடுவார் என்று அப்பா கோட்டைப் போட்டுக்கொள்ளாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தார்.

எல்லாம் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். பியானோ சில இடங்களில் பாட்டுக்குக் குறுக்கே நிற்பது போல எனக்குத் தோன்றியது. அப்பாவுக்கும் தோன்றியிருக்கிறது, "அதைக் கொஞ்சம் குறைச்சுக்கலாம்" என்று செயின்ட் பேங்கராஸில் தேநீர் குடிக்கும்போது சொன்னார். டிலனுக்கு ஆலோசனை சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார். ரயிலில் லெஸ்டர் வரும் வரை தூங்கவில்லை. மூட்டு வலியை மறுநாள் காலைதான் கவனித்தார்.

நாலு கம்பி சார், அப்பா உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார். அடுத்த வருஷமும் பயணம் இருந்தால் கெல்ட்னர் இருப்பாரா?


நாலு கம்பி | 15 நவம்பர் 2024

கெல்ட்னரைப் பற்றி அவருக்கே தெரிந்திருக்காது. கார்னியர் இருப்பார் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.